பச்சை வாந்தியும் மலைப்பாதையும்: குமுளி, வண்டிப்பெரியார் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 9, கம்பம் – குமுளி

சபரிமலை சீசனில் குமுளி மலை ஏறுவது லேசான காரியம் அன்று என்று தேனியிலேயே சொல்லியிருந்தார்கள். மலைக்குப் போகிற பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும், தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவதும் இந்த மாதங்களில் வழக்கம். அரசுப் பேருந்து குமுளி வழியாகவே போகிறதென்றாலும், எதிரே இறங்கிவரும் வேன்களும் கார்களும் இடம் கொடுத்தால்தான் அது ஏற முடியும் என்பதால், மலையடிவாரத்து லோயர் கேம்பில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுவிட்டோம். கம்பத்தில் கிலோ 80 ரூபாய்க்கு வாங்கிய பன்னீர் திராட்சையைப் பக்கத்து இருக்கைப் பெரியவரோடு பகிர்ந்துகொண்டேன். அவர் பதிலுக்கு வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவர் மடியிலிருந்த பேரன், இரண்டு வயது இருக்கும், அதற்குக் கை நீட்டியதும் பொட்டலத்தை மடித்து வைத்துவிடுங்கள் என்று அவசரமாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மெல்லுகிற சிறு குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் ஒரு கடலைப் பருப்பு இறங்கிவிட்டால், அதை எடுப்பதற்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்தவரும், அந்தச் சிறிய தொண்டைக்கு ஏற்ற உலோகக் குழாயும், அதைச் செலுத்தப் பழகிய கையும் வேண்டும். அம்மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் இந்த மலைக்கு இருபுறமும் நெடுந்தொலைவில்தான் இருக்கிறது. பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க டாக்டருங்களா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

மதுரையில் குழந்தைகள் அறுவைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்று சொன்னேன். பீர்மேட்டில் பணிபுரியும் தோழி ஒருத்தி, தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகங்களில் வேலை பார்க்கும் ஆயாக்களையும், ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களையும், ஜீப் ஓட்டுநர்களையும் ஒன்றுகூட்டிப் பேச அழைத்திருந்தாள். எங்கள் வார்டுக்கு இந்த மலையிலிருந்து வந்து போன சில பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே மேலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. வேன்களில் இருந்த சாமிமார்கள் தாங்களாகவே இறங்கி, வண்டிகளை ஓரத்துக்குத் தள்ளச் சொல்லி, கையை வீசி வழி செய்து கொடுத்த விதத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்தது. அத்தனை பேர் முயன்றும் அந்த ஒரு வளைவைக் கடக்க அதற்குப் பல நிமிடங்கள் ஆயின. உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியாது. ஆனால் குழந்தையாக இருந்திருந்தால் அந்த நிமிடங்களின் விலை என்ன என்பது எனக்குத் தெரியும்.

லான்செட் என்ற மருத்துவ இதழ் உலக அறுவைச் சிகிச்சை பற்றி அமைத்த ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, எந்த மனிதரும் இரண்டு மணி நேரத்துக்குள் அடிப்படை அறுவைச் சிகிச்சை கிடைக்கும் மருத்துவமனையை அடைய வேண்டும் என்று ஓர் அளவுகோல் வைத்தது. வயிற்றைத் திறந்து பார்ப்பது, சிசேரியன் செய்வது, தோல் கிழிந்து வெளித்தெரியும் எலும்பு முறிவைச் சரிசெய்வது ஆகிய மூன்றையும் செய்யக்கூடிய இடமே அந்த மருத்துவமனை. பெரியவர்களுக்கு அந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். மூன்று கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கிற மருத்துவர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. குமுளியிலிருந்து அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போனால் ஒருபுறம் கோட்டயம், மறுபுறம் மதுரை; இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல்.

இரவு குமுளியில் தங்கினேன். அறை வாடகை 900 ரூபாய், சீசன் என்பதால் பேரம் இல்லை. கப்பையும் மத்திக் குழம்பும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 10, வண்டிப்பெரியார்

விடியும்போது எதிர்க் கடையின் விளக்கு தெரியாத அளவுக்கு மூடுபனி. வண்டிப்பெரியார் பேருந்து நிலையத்தருகே புட்டும் கடலையும் 50 ரூபாய், கட்டன் சாயா 10 ரூபாய். கடைக்காரச் சேட்டன் நான் நடுங்குவதைப் பார்த்து அடுப்பருகே இருந்த பெஞ்சை எனக்காகக் காலி செய்து கொடுத்தார். அங்கிருந்து தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரை ஜீப்பில்தான் போக வேண்டும். கல்லும் சேறுமான அந்தப் பாதையில், இடுப்புக் கட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு நள்ளிரவில் இறங்கி வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நான் பார்க்கப் போன வீட்டின் பெண் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. ஏழு மாதக் குழந்தையாக எங்கள் வார்டுக்கு வந்தவள். குடல் செருகல் என்ற நோய் அது: குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து, இரத்த ஓட்டம் நெரிபட்டு, நேரம் செல்லச் செல்ல அந்தக் குடல் அழுகிப்போகும். பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்ட, அதுவரை கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகளுக்கே வரும். அடுப்பில் கேப்பைக் களியைக் கிளறிக்கொண்டே அவள் தாய் அந்த இரவை மணி வாரியாகச் சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்குக் கொழுந்து எடை போட்டு முடித்து வந்து காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள். ஏழு மணிக்குத் திடீரென்று வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் அழுகை நின்று, துவண்டு தூங்குவது போலக் கிடந்தது. கால்மணி நேரத்தில் மறுபடி வீறிட்டது. உரம், அதாவது சுளுக்கு, விழுந்திருக்கிறது என்று மாமியார் சொல்ல, இரண்டு லயம் தள்ளியிருக்கும் பாட்டியிடம் கொண்டுபோய்ப் பழைய சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு வாந்தி. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிட்டார்கள். காலையில் மருந்துக் கடையில் வயிற்று வலிக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். அன்று மதியம் இடுப்புத் துணியை அவிழ்த்தபோது சளியும் இரத்தமும் கலந்து நாவற்பழச் சாறு போலப் போயிருந்தது. "அதப் பாத்துட்டுதான் சிஸ்டர் எனக்குக் கை கால் ஓடல" என்றாள்.

அந்தப் பாட்டியையோ மாமியாரையோ நான் குறை சொல்ல மாட்டேன். அழுகிற பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். விட்டு விட்டு வரும் அழுகை, கால் மடக்கல், நடுவில் துவளல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உரம் எடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அன்று இரவு எட்டு மணிக்கே ஜீப் கிளம்பியிருக்கும். சீக்கிரம் வந்துவிட்டால் இதற்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டியதில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே ஆசனவாய் வழியாக உப்புநீரையோ காற்றையோ அளவான அழுத்தத்தில் செலுத்தினால், செருகிய குடல் தானே பின்வாங்கி விடுபட்டுவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத, ஏழை நாடுகளுக்கென்றே வாய்த்தது போன்ற சிகிச்சை அது. இந்தப் பிள்ளை வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத்தான் காப்பாற்ற முடிந்தது.

இன்னொரு விஷயம் அவள் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரத்தத்தைப் பார்த்த பிறகும், கோட்டயம் போவதா மதுரை போவதா என்ற பேச்சிலேயே ஒரு மணி நேரம் போயிருக்கிறது. வேலை இடுக்கி மாவட்டத்தில், குடும்ப அட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உத்தமபாளையம் தாலுகாவில். கோட்டயத்தில் அட்டை செல்லுமா, மலையாளத்தில் யார் பேசுவது, துணைக்கு இருக்கக் கம்பத்திலிருந்து அம்மா வர முடியுமா என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட அற்பமான கவலை இல்லை. ஆனால் அந்தக் கவலைகளையெல்லாம் பிள்ளை நலமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்து வைக்க வேண்டும். அட்டை பின்னால் வரலாம், பிள்ளை முதலில் என்பதே எங்கள் வார்டின் நடைமுறையாக இருந்தது. அதை மலை மேல் இருக்கிறவர்களுக்கு நாங்கள் யாரும் வந்து சொல்லியதில்லை.

அந்தப் பெண் பிள்ளை சட்டையைத் தூக்கித் தன் வயிற்றுத் தழும்பை எனக்குக் காட்டிவிட்டு வெளியே ஓடிவிட்டாள். களியும் கருவாட்டுக் குழம்பும் தட்டு நிறையப் போட்டார்கள்.

டிசம்பர் 11, பீர்மேடு

கூட்டம் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் வந்திருப்பார்கள். மலையாளிகளுக்குத் தமிழும் தமிழர்களுக்கு மலையாளமும் புரியும் ஊர் என்பதால் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. மின்சாரம் போய்விட்டதால் நான் கொண்டுவந்திருந்த படங்களைத் திரையில் காட்ட முடியாமல் வாயால் சொல்லியே தீர வேண்டியதாயிற்று. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். படத்தைப் பார்த்து முகம் சுளிப்பதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டார்கள்.

பிறந்த குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். பிறந்த சில நாட்களில் பிள்ளை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் என்று நிரூபணமாகும் வரை அது குடல் முறுக்கு அல்லது அடைப்பு என்றே எண்ண வேண்டும். முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் செத்துவிடும். பாலைக் கக்குவது வேறு, பச்சையாக வருவது வேறு. வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருந்து, பால் கொடுத்ததும் இருமி நீலம் பாய்ந்தால் உணவுக்குழல் வயிற்றோடு சேராமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாய்ப் பால் கொடுக்கக் கூடாது. பிறந்தவுடன் ஆசனவாய் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஏறத்தாழ 5,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு அது இல்லாமலோ கோளாறாகவோ இருக்கும். தொப்புளருகே வயிறு திறந்து குடல் வெளியே கிடக்கப் பிறந்த பிள்ளையைப் பார்த்தால் பயந்து துணியைப் போட்டு மூடி விடாதீர்கள், சுத்தமான பிளாஸ்டிக் உறையால் குடலைச் சுற்றி, ஈரமும் சூடும் போகாமல் வைத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றேன்.

இந்தக் கடைசி நோயையும் சேர்த்து 2021-ல் லான்செட்டில் வந்த ஆய்வை நான் எங்கே போனாலும் சொல்வேன். 74 நாடுகளில் 264 மருத்துவமனைகளில், வயிறு, குடல் சார்ந்த ஏழு வகைப் பிறவிக் கோளாறுகளோடு வந்த 3,849 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 5.6 பேர் இறந்தார்கள். நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் 20.4, மிக ஏழை நாடுகளில் 39.8. குடல் வெளியே கிடக்கப் பிறந்த பிள்ளைகளை மட்டும் பார்த்தால், பணக்கார நாடுகளில் இறப்பு 1.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 31.9, ஏழை நாடுகளில் 90. எல்லா நாட்டிலும் ஒரே நோய், ஒரே வயிறு. மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே கிருமித் தொற்று இரத்தத்தில் பரவியிருந்த பிள்ளைகள்தாம் அதிகம் இறந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. அதாவது, அறுவை அரங்கின் கதவு திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. கெட்டிக்கார அறுவை மருத்துவர்கள் உப்புநீர்ப் பையை வெட்டித் தைத்து, வெளியே கிடக்கும் குடலுக்கு உறையாக்கி நாளுக்கு நாள் உள்ளே இறக்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குளிர்ந்து விறைத்து, சர்க்கரை இறங்கி வருகிற பிள்ளைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் போதாது.

ஒரு தாய் எழுந்து, தன் பன்னிரண்டு வயது மகன் ஒரு நாள் முழுக்க வயிற்று வலி என்றே சொல்லிக்கொண்டிருந்ததையும், வெட்கத்தால் அவன் மறைத்தது விரை முறுக்கு என்று கடைசியில் தெரிந்ததையும், ஒரு விரையை எடுக்க நேர்ந்ததையும் எல்லார் முன்னும் சொன்னாள். ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆண் பிள்ளை அடிவயிற்று வலி என்றால் துணியை விலக்கிப் பாருங்கள் என்று அவளே மற்றப் பெண்களிடம் சொன்னது நான் சொல்வதைவிட நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

என்னை அதிகம் வியக்கவைத்தவர் ஒரு ஜீப் ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். "வழியில பிள்ள அழுதா பால் குடுக்கலாமா சிஸ்டர்?" என்று அவர் கேட்டார். வயிறு உப்பியோ பச்சையாக வாந்தி எடுத்தோ இருந்தால் கொடுக்க வேண்டாம், மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறிவிடும், தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டிப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வாங்கிப் பார்த்தேன். அவர் ஏற்றிச் சென்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: வாந்தி தொடங்கிய மணி, அதன் நிறம், கடைசியாகப் பால் குடித்த மணி, கடைசியாகச் சிறுநீர் கழித்த மணி. முன்பு ஒரு முறை மருத்துவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டபோது, பதறிப்போயிருந்த தாயால் பதில் சொல்ல முடியவில்லையாம், அன்றிலிருந்து எழுதுகிறார். வண்டியில் ஒரு கம்பளியும் எப்போதும் இருக்கிறது. பெருவந்தானம் வளைவுகளில் இறங்கும்போதே சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து நிறுத்தி, போகும் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுவிடுவாராம். பெரிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளில்கூட, அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே பேசுவது அபூர்வம் என்பதை அந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அவருடைய நோட்டின் தலைப்புகளை அப்படியே ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர்கள் அனைவருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தோம். ஒரு பக்கம் 3 ரூபாய்.

எல்லையோரத்தில் சில இடங்களில் கைபேசி தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் 108 அழைப்பு அந்தப் பக்கம் போய்விடுகிறது என்றும் ஓட்டுநர்கள் சொன்னார்கள். அதனால் ஜீப்காரர்களின் எண்களையே காப்பகச் சுவரில் எழுதி வைப்பதென்று முடிவாயிற்று.

டிசம்பர் 12, பாம்பனார் – குமுளி

பாம்பனாரை அடுத்த ஒரு லயத்தில் ஒன்றரை வயது ஆண் குழந்தை. ஆசனவாய் இல்லாமல் பிறந்து, இரண்டாம் நாளே வயிற்றில் மலவழி வைத்து உயிர் காப்பாற்றப்பட்டவன். ஆறு மாதத்தில் ஆசனவாய் அமைக்கும் பெரிய அறுவையும் நடந்துவிட்டது. மெக்சிகோ நகரில் 1980-ல் ஆல்பர்ட்டோ பென்யா என்ற மருத்துவர் முதலில் செய்த முறை அது. இன்று உலகமெங்கும் அதையே பின்பற்றுகிறார்கள். மிச்சம் இருப்பது வயிற்றில் உள்ள வழியை மூடும் மூன்றாவது அறுவை. அதற்கு அவர்கள் வரவேயில்லை.

ஏன் என்று கேட்கும்போது குரலில் கடுமை வந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாய் ஓர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். புது வழி சுருங்கிவிடாமல் விரித்துக் கொடுப்பதற்காக வார்டில் கொடுத்தனுப்பிய வழவழப்பான உலோகக் கம்பி, வெந்நீரில் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே இருந்தது. சொல்லிக் கொடுத்தபடி ஒரு நாள்கூடத் தவறாமல் செய்திருக்கிறாள். வயிற்றில் ஒட்டும் பை ஒன்று 200 ரூபாய்க்கு மேல் ஆவதால், அவள் கணவரின் பழைய வேட்டியை மடித்துக் கட்டி, தோல் புண்ணாகாமல் தேங்காய் எண்ணெய் தடவிவந்திருக்கிறாள். அந்த வயிற்றைச் சுற்றிய தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. வார்டில் நாங்கள் பார்த்துக்கொண்டதைவிட நன்றாக இருந்தது.

அவர்கள் வராததற்குக் காரணம் கூலி. அறுவைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மதுரையில் பத்து நாள் இருந்தால் இருவரின் கூலியும் போகும், மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இல்லை, மருத்துவமனைக்கு வெளியே சாப்பாட்டுச் செலவு. பிள்ளை சாப்பிடுகிறான், விளையாடுகிறான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாள் தள்ளிப்போய்விட்டது. உலகில் 170 கோடிக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான, கட்டுபடியாகிற அறுவைச் சிகிச்சை எட்டாமல் இருக்கிறது என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அவசரத்தில் ஒரு முறை அரங்குக்குள் போய்வந்தும் பாதி வழியில் நிற்கும் இந்தப் பையன் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருவான் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவசர அறுவைக்கு அனுப்பும்போதே அடுத்த அறுவைகளுக்கான பயணச் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்து ஏற்கிற ஏற்பாடு இல்லாதவரை, முதல் இரவில் காப்பாற்றிய பிள்ளைகளை நாம் இப்படித்தான் இடையில் விட்டுக்கொண்டிருப்போம். இதை நான் மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

மாலைப் பேருந்துக்குக் குமுளி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நிழற்குடையில் நின்றபடியே வார்டில் இப்போது பொறுப்பில் இருக்கும் சிஸ்டருக்குப் பேசினேன். பொங்கல் கழிந்து வரும் இரண்டாவது வாரம் படுக்கை வைப்பதாகவும், தாய்க்கு உள்ளேயே சாப்பாடு கிடைக்கும்படி எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். மூத்த பெண்ணை அந்தப் பத்து நாளும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக என் தோழி ஏற்றுக்கொண்டாள். லயத்தில் சிக்னல் கிடைப்பது அரிது என்பதால், தேதியையும் கொண்டுவர வேண்டிய பழைய டிஸ்சார்ஜ் தாள்களின் விவரத்தையும் ஜீப்காரருக்கு அனுப்பினேன். விடியற்காலை முதல் பேருந்துக்குத் தானே அவர்களைக் குமுளியில் இறக்கிவிடுவதாகவும், வண்டி வாடகை வேண்டாம் என்றும் அவரிடமிருந்து உடனே பதில் வந்தது.